புதுச்சத்திரத்தில் ஓர் இடது தோள்

‘லீவுக்குப் புதுச்சத்திரம் போறோம்’ என்றதும் எதிர் வீட்டு அக்கா, “சிதம்பரம் பக்கத்துல இருக்கே, அதுவா?” என்றார். அது கடலூர் மாவட்டத்துப் புதுச்சத்திரம். எங்களுடையது நாமக்கல் மாவட்டம். சேலத்திலிருந்து நாமக்கல் போகிற நெடுஞ்சாலையில், ராசிபுரத்துக்குப் பிரியும் ஆண்டகளூர் கேட்டைத் தாண்டினால் வருகிற ஊர். ஶ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ம் எண் சாலை அது. ஊர்ப் பெரியவர்கள் இன்னும் பழைய வழக்கப்படி ‘என்ஹெச் செவன்’ என்றுதான் சொல்வார்கள்.

பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர்கள் தங்கிப் போன ஊர். இப்போது யாரும் தங்குவதில்லை. லாரிகள் டீக்கு மட்டும் நின்று போகின்றன. பஸ்ஸிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம் நீள நீளமான கோழிப்பண்ணைக் கொட்டகைகள், மறுபக்கம் மரவள்ளிக் காடு, கிழக்கே நீலமாகக் கொல்லிமலை. 1997-ல் மாவட்டம் பிரியும் வரை இதெல்லாம் சேலம் ஜில்லாதான். என் பெரியப்பாவின் பழைய கடிதங்களில் ‘சேலம் ஜில்லா’ என்றே இருக்கும்.

பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. இந்தச் சித்திரையில் அவரிடமிருந்து போன் வந்தது. “ஏங்கண்ணு, பையன் ஏதோ அச்சு எடுத்துப் பொம்மை செய்யறானாமா? லீவு உட்டதும் கூட்டிட்டு வா. ஒரு சோலி இருக்குது.”

ப்ளஸ் ஒன் முடித்த என் மகனுக்குக் கொஞ்ச நாளாக இந்தப் பைத்தியம்தான். சிலிக்கான் ரப்பரில் அச்சு எடுப்பான், ரெசின் ஊற்றுவான், கீ செயின் செய்வான், பள்ளி நாடகத்துக்கு வாள் பிடி செய்வான். என் சமையலறைக் கிண்ணங்கள் பாதி அவனால் பாழ். அந்தப் பைத்தியத்துக்குப் புதுச்சத்திரத்திலிருந்து அழைப்பு வரும் என்று நான் நினைக்கவே இல்லை.

டிரங்குப் பெட்டிக்குள் ஒரு தோள்

போன அன்றைக்கே பெரியப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்தார். வெள்ளை வேட்டித் துணியைப் பிரித்தால் உள்ளே ஒரு புஜக்கட்டை. என் தாத்தா கூத்துக் கட்டியவர். கர்ணனும் துரியோதனனும் அவருடைய வேஷங்கள். வேஷக்காரர்கள் தோளில் கட்டிக்கொள்ளும் அணி அது. தோளிலிருந்து மேல்நோக்கி இறக்கை போல விரியும். நடுவில் ஒரு பூ, இரண்டு பக்கமும் இலைகள், ஓரத்தில் ஒரு கிளி. குழிகளில் கண்ணாடிச் சில்லுகள் பதித்து, ஜிகினாத் தாள் ஒட்டியிருந்தது. பாதி நிறம் போய்விட்டது.

இந்த அணிகளைக் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்குவார்கள். அந்த மரம் பஞ்சு மாதிரி லேசு. விடிய விடியச் சுழன்று ஆடுகிறவர் தோளில் கனமான மரத்தைக் கட்ட முடியுமா? கிரீடம், மார்புக்கட்டை, புஜக்கட்டை எல்லாவற்றுக்கும் பொதுப் பெயர் ‘கட்டை’. கட்டைக்கூத்து என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

“ஜோடில இன்னொண்ணச் செல்லு அரிச்சுப் போச்சு கண்ணு. வைகாசி நோம்பிக்கு நம்மூர்ல கூத்து வெக்கறாங்க. எங்கப்பன் கட்டுன கட்டையை ஒருக்கா மேடையில பாத்துப்புடணும். ஒத்தத் தோளுக்குக் கட்டிட்டு எப்படி ஆடறது?” என்றார் பெரியப்பா.

செதுக்குகிறவர்கள் இல்லையா என்று கேட்டேன். இருக்கிறார்கள், ஆனால் கையில் வேலை நிறைய. நோம்பிக்குள் கிடைக்காது என்று சொல்லிவிட்டார்களாம். இருந்தது பதினெட்டு நாள்.

முட்டையில் ஆரம்பம்

நல்ல சிலிக்கான் ரப்பர் இரண்டு பாகமாக வரும். அளந்து கலந்து ஊற்றினால் அருமையான அச்சு கிடைக்கும். ஆனால், இவ்வளவு பெரிய பொருளுக்குக் கிலோ கணக்கில் வேண்டும். கட்டுப்படியாகாது. மகன் ஒரு சிக்கன வழி வைத்திருந்தான். கண்ணாடி ஜன்னலுக்கும் மீன் தொட்டிக்கும் அடிக்கிற சிலிக்கான் சீலன்ட் டியூப், வினிகர் வாசனை அடிக்கும் ரகம். அதோடு சோளமாவைச் சரிபாதி சேர்த்துப் பிசைந்தால் சப்பாத்தி மாவு பதத்துக்கு வரும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரப்பராக இறுகிவிடும். சீலன்ட் இறுகுவதற்கு ஈரப்பதம் வேண்டும். தனியாகத் தடிமனாக அப்பினால் மேலே மட்டும் காய்ந்து உள்ளே நாள்கணக்கில் கொழகொழவென்று கிடக்கும். மாவில் ஒளிந்திருக்கும் ஈரம்தான் அதை உள்ளேயும் இறுக வைக்கிறது.

“சோளமாவு எதுக்கு? நம்மூட்டுலதான் கிழங்கு மாவு இருக்குதே!” என்றார் பெரியம்மா. ஜவ்வரிசி ஆலைகள் நிறைந்த பக்கம் அல்லவா! மரவள்ளி மாவுக்கு எந்த வீட்டிலும் பஞ்சமில்லை. முதலில் எலுமிச்சை அளவு பிசைந்து பார்த்தோம். நன்றாகவே இறுகியது.

நாமக்கல் சீமையில் சோதனைக்கு வேறு எதைத் தேடுவது? அவித்த முட்டைதான். வாசலில் நிழலில் உட்கார்ந்து, முட்டையில் வாஸ்லின் தடவி, பாதி வரை மாவில் அழுத்தினான். இறுகியதும் சுலபமாக வெளியே வந்தது. அடுத்த முட்டையை முக்கால் பங்கு மூடினான். அதுவும் ரப்பரைச் சற்று விரித்ததும் வந்துவிட்டது. மூன்றாவதாக பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முக்கால் பங்கு புதைத்தான். முட்டையை உடைத்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

“பார்த்தீங்களா அப்புச்சி, பாதிக்கு மேல போனா வாய் குறுகுது. ரப்பர்னா வளையும். பிளாஸ்டர் வளையாது” என்று விளக்கினான்.

பெரியப்பா சிரித்தார். “இதுக்கு முட்டை எதுக்கு சாமி? அச்சு வெல்லம் ஊத்தற மரப்பலகையப் பாத்ததில்லையா? குழி வாய் அகலமா, அடி குறுகலாத்தான் இருக்கும். இல்லீனா வெல்லம் எப்படிக் கழண்டு விழும்?”

எனக்குச் சட்டென்று பிலிக்கல்பாளையம் சந்தை நினைவுக்கு வந்தது. பரமத்தி வேலூர்ப் பக்கம், உருண்டை வெல்லமும் அச்சு வெல்லமும் மூட்டை மூட்டையாக ஏலம் போகும் சந்தை. எத்தனை வருஷம் அந்த வெல்லத்தைப் பொங்கலுக்கு வாங்கியிருக்கிறேன்! பக்கம் ஏன் சரிவாக இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

“அது வலத்தோளு கண்ணு!”

மறுநாள் காலை. சீலன்ட் டியூப்கள் வரிசையாக நின்றன. மாவு சலித்தாயிற்று. தாத்தாவின் புஜக்கட்டையைப் பலகையில் கிடத்தினோம். எனக்கு உள்ளூர பயம். ரப்பரை உரிக்கும்போது எழுபது வருஷ ஜிகினாவும் சேர்ந்து உரிந்து வந்துவிட்டால்? “ஓரத்துல கொஞ்சம் வெச்சுப் பார்த்துட்டு அப்புறம் செய்வோம்” என்றான் மகன்.

பெரியப்பா கட்டிலில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“ஏஞ்சாமி, இத அப்படியே அச்சு எடுத்து வாத்தா, வர்றதும் இதே மாதிரிதான வரும்?”

“ஆமா அப்புச்சி. அச்சு அசல்!”

“இது வலத்தோளு. அப்ப வர்றதும் வலத்தோளுதான? இடத்தோளு இல்லாமத்தான நாம இங்க தவிச்சுட்டுக் கெடக்கறோம்?”

மகன் என்னைப் பார்த்தான். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையற்கட்டுக்குப் போய்விட்டார். வலது கால் செருப்பிலிருந்து இடது கால் செருப்பு எப்படி வரும்? எத்தனை வீடியோ பார்த்தவனுக்கும் தோன்றாதது, கூத்து பார்த்து வளர்ந்தவருக்குத் தோன்றிவிட்டது.

ஒரு விதத்தில் நல்லதாயிற்று. அசலின் மேல் எதையும் அப்ப வேண்டிய அவசியமே இல்லை. செல்போனில் புஜக்கட்டையைப் படம் எடுத்து இடவலம் மாற்றினான். அசலின் மேல் டிரேசிங் பேப்பர் வைத்து ஓரத்தை வரைந்து, தாளைத் திருப்பிப் போட்டான். இடது தோளின் வடிவம் வந்துவிட்டது. பக்கத்து ஊரில் பானை செய்கிறவரிடம் போய்ப் பதமான களிமண் வாங்கி வந்தோம்.

அதன் பிறகு நான்கு நாள் அவன் எழுந்திருக்கவில்லை. பழைய ஸ்பூன், குடைக் கம்பி, ஐஸ் குச்சி, இவைதான் கருவிகள். இலைகள் சீக்கிரம் வந்துவிட்டன. கிளிதான் வரவே இல்லை. முதல் கிளி கோழி மாதிரி இருந்தது. “இங்க கோழிக்கு என்ன பஞ்சம்னு இதையும் செய்யறே?” என்றார் பெரியம்மா. மூன்றாவது தடவை செய்தது கிளி. மாலையானால் ஈரத்துணி போட்டு மூடி வைப்பான். சேலம், நாமக்கல் வெயிலில் களிமண் ஒரு மணி நேரத்தில் வெடித்துவிடும்.

நாமக்கல்லில் ஒரு பாடம்

கொலு பொம்மை செய்கிறவர்களும் இதே வழியில்தான் போகிறார்கள். ஒரு தடவை களிமண்ணில் மாதிரி செய்து, பிளாஸ்டர் அச்சு எடுத்துக்கொண்டு, அதிலிருந்து வரிசையாகப் பொம்மைகளை எடுப்பார்கள். சுவாமிமலை ஸ்தபதிகளின் வழி வேறு. மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகத்தை ஊற்றி, கடைசியில் மண்ணை உடைத்துவிடுவார்கள். ஒரு மெழுகுக்கு ஒரு சிலை. எங்கள் வேலை கொலு பொம்மைச் சாதி.

களிமண் மேல் முதலில் தளர்வாகப் பிசைந்த சிலிக்கானை, சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒவ்வொரு குழியிலும் அழுத்தினான். அதன் மேல் கெட்டியாகப் பிசைந்தது, ஒரு விரல் தடிமனுக்கு. அது இறுகியதும் பேண்டேஜ் துணியை பிளாஸ்டரில் தோய்த்து மேலே ஓடு மாதிரி போட்டான். ரப்பர் தனியாக இருந்தால் தொய்ந்து கோணிவிடும். அந்த ஓடுதான் அதை நிமிர்த்திப் பிடிக்கும். பின்பக்கம் தட்டை என்பதால் ஒரு பாக அச்சே போதும். புதிதாகச் செய்கிறவர்கள் இப்படிப் பின்பக்கம் தட்டையான பொருளில் தொடங்குவதே நல்லது.

ரெசின் வாங்க நாமக்கல் போனோம். பஸ்ஸில் அரை மணிகூட ஆகவில்லை. ஊர் நடுவே ஒற்றைப் பாறையாக எழுந்து நிற்கும் மலைக்கோட்டை, அதன் அடியில் குடைந்த நரசிம்மர் கோயில், எதிரே வெட்டவெளியில் கைகூப்பி நிற்கும் பதினெட்டடி ஆஞ்சநேயர். கும்பிட்டுவிட்டு, லாரிக்கு பாடி கட்டும் பட்டறைகள் பக்கம் விசாரித்துப் போனோம். லாரி பாடி கட்டுவதற்கு இந்தியா முழுக்கப் பெயர் பெற்ற ஊர் இது. ஃபைபர் வேலை தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை.

ஃபைபர் பட்டறை அண்ணன் ஒருவர் எங்கள் கதையைக் கேட்டு, வேலையை நிறுத்திவிட்டுப் பாடம் எடுத்தார். “நூறு கிராம் ரெசினுக்கு ஒண்ணுல இருந்து ரெண்டு கிராம் ஹார்டனர். இந்த வெயிலுக்கு ஒண்ணே ஜாஸ்தி. கோபால்ட் கலந்த ரெசினா பாத்துத் தரேன். வீட்ல ஹார்டனரையும் கோபால்ட்டையும் ஒண்ணா ஊத்திடாதீங்க, வெடிச்சிரும். கண்ணாடி போடுங்க, கையுறை போடுங்க. இந்த நெடி துணியில நிக்காது, வடிகட்டி வெச்ச மாஸ்க்குதான் வேணும். வீட்டுக்குள்ள மட்டும் செய்யவே செய்யாதீங்க.”

புகைந்த டம்ளர்

அவ்வளவு சொல்லியும் ஒரு தவறு நடந்தது. வேகமாக இறுகட்டும் என்று மகன் ஹார்டனரைக் கொஞ்சம் தாராளமாக ஊற்றிவிட்டான். அதுவும் ஒரே டம்ளரில் அரைக் கிலோ. கலக்கிக்கொண்டிருக்கும்போதே டம்ளர் சுட ஆரம்பித்தது. பிளாஸ்டிக் நெளிந்தது, புகை வந்தது. நல்லவேளை, வெட்டவெளி. தூரமாக மண்ணில் வைத்துவிட்டு எல்லோரும் விலகி நின்றோம். ஆறிய பிறகு பார்த்தால் பாளம் பாளமாக வெடித்த ஒரு கல். ரெசின் இறுகும்போது சூட்டைக் கக்கும். மொத்தமாக ஒரே இடத்தில் கிடந்தால் அந்தச் சூடு தப்பிக்க வழியில்லை. அன்றிலிருந்து நூறு நூறு கிராமாக, அதிகாலையில் மட்டும் வேலை.

சிக்கனத்துக்காக, ரெசினோடு வெயிலில் காய வைத்த கல் கோலமாவைக் கலந்து, சிறிது சிறிதாக அச்சு முழுக்க நிரப்பினான். மறுநாள் ஓட்டைக் கழற்றி ரப்பரை உரித்தபோது கிளியின் கண் உட்பட எல்லாம் அப்படியே வந்திருந்தது. பெரியப்பாவுக்கு வாயெல்லாம் சிரிப்பு.

கூத்து வாத்தியார் மாலையில் வந்தார். அசலை வலது கையிலும் புதியதை இடது கையிலும் வாங்கினார். இடது கை சட்டென்று கீழே இறங்கியது. ஒன்றும் பேசாமல் இரண்டையும் கட்டிலில் வைத்துவிட்டார்.

“வேல சுத்தமா இருக்குது. ஆனா ஆட முடியாதுங்க. ஒரு பக்கம் இழுத்துரும். பையன் சுத்தறப்ப உழுந்துருவான்” என்றார். தராசில் வைத்தோம். அசல் 420 கிராம். எங்களுடையது இரண்டு கிலோ.

நோம்பிக்கு ஐந்து நாள்தான் இருந்தது. அன்று இரவு மகன் சரியாகச் சாப்பிடவில்லை. பெரியப்பா அவனுக்கு ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. “அச்சு கெட்டுப் போச்சா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றான். “பொறவென்ன?” என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டார்.

காலையில் பட்டறை அண்ணனுக்குப் போன் செய்தோம். “கெட்டியா ஏன் ஊத்துனீங்க? லாரி வைசர் எப்படிச் செய்யறோம்? உள்ள வெறும் கூடுதான்!” என்றார். அச்சில் ரெசினைத் தூரிகையால் மெல்லியதாகப் பூச வேண்டும். அது பிசுக்கென்று இறுகி வரும்போது கண்ணாடி நார் மேட்டைச் சிறு துண்டுகளாகக் கிழித்து ஒட்டி, மேலே மறுபடி ரெசின். இரண்டு அடுக்கு போதும். நார் உடம்பில் பட்டால் அரிக்கும் என்பதால் முழுக்கைச் சட்டை. தூரிகையால் பூசியதில் இன்னொரு நன்மை, குழிகளில் காற்றுக் குமிழி நிற்கவில்லை. இரண்டாவது தோளின் எடை 450 கிராம்.

மாஸ்க்கோடு உப்புத்தாள் தேய்த்து, சிவப்பும் பச்சையும் அடித்து, கண்ணாடிச் சில்லு பதித்து, ஜிகினா ஒட்டியது பெரியம்மா. பாழாய்ப்போன டம்ளர் உட்பட மொத்தச் செலவு இரண்டாயிரம் ரூபாய்க்குள்.

வீட்டில் முயல்பவர்களுக்கு...

* முதலில் பொத்தான், அகல் விளக்கு போலச் சின்னதாக, பின்பக்கம் தட்டையாக ஒன்றில் பழகுங்கள்.
* வினிகர் வாசனை வரும் சிலிக்கான் சீலன்ட்தான் இதற்குச் சரி. டியூப்பில் ‘அக்ரிலிக்’ என்று போட்டிருந்தால் வேண்டாம்.
* பழைய, விலைமதிப்பற்ற பொருள் என்றால் நேரடியாக அச்சு எடுக்காதீர்கள். களிமண்ணில் மாதிரி செய்து அதில் எடுங்கள்.
* ஹார்டனரைக் கண்ணளவில் ஊற்ற வேண்டாம். சிறிய டிஜிட்டல் தராசு இருக்கட்டும்.
* இந்த அச்சிலோ, கலக்கிய பாத்திரத்திலோ தின்பண்டம் எதுவும் செய்யக் கூடாது. சிறுவர்கள் பெரியவர்கள் துணையில்லாமல் ரெசினைத் தொடவே கூடாது.

நோம்பி இரவு

சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைப் பார்த்திருப்பீர்கள். தமிழின் முதல் கலர் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ 1956-ல் அந்தக் கம்பெனியிலிருந்து வந்ததுதான். புதையல் குகை என்று நாம் வாய் பிளந்து பார்த்தது செட்டு. தூரத்தில் இருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் பொன்னாகத் தெரிந்தால் போதும் என்பதுதான் சினிமாக் கணக்கு. கூத்தில் அது மட்டும் போதாது, ஆடுகிறவன் தோளும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பதினொரு மணிக்குத் திரை பிடித்தார்கள். கர்ணன் திரைக்குப் பின்னால் சலங்கையைக் குலுக்கினான். துணி விலகியது. குழல் விளக்கு வெளிச்சத்தில் இரண்டு தோளும் மின்னின. முதல் சுற்று, இரண்டாவது சுற்று, வேகமாக மூன்றாவது. நான் இடது தோளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மகன் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். ஒன்றும் ஆகவில்லை. கட்டிய கயிறுகூட நழுவவில்லை.

பெரியப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் சால்வை போர்த்தியபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தார். ‘எப்படி இருந்துச்சு பெரியப்பா?’ என்று நடுவே இரண்டு தடவை கேட்டேன். கையை மட்டும் அசைத்தார், பேசாமல் பார் என்பது போல. விடிகாலையில் வாத்தியார் இரண்டு கட்டைகளையும் கொண்டு வந்து கொடுத்தபோது, இரண்டையும் ஒரே வேட்டித் துணியில் சேர்த்துச் சுற்றினார். ரப்பர் அச்சுக்கு டால்கம் பவுடர் தூவி, ஓட்டோடு அதே பெட்டியில் வைத்தான் மகன்.

நாங்கள் கிளம்பும் நேரத்தில் வாத்தியார் மறுபடி வந்தார். “செட்டுக்கு ஒரு ஜோடி வேணுமுங்க தம்பி. அச்சுதான் இருக்குதே, ஊத்திக் குடுத்துருங்க” என்றார்.

பெரியப்பா முந்திக்கொண்டார். “இடத்தோளு எத்தன வேணும்னாலும் ஊத்தலாமுங்க வாத்தியாரே. வலத்தோளுக்குப் பையன் அரைப் பரிச்சை லீவுக்கு வரோணும்.”

நாமக்கல் வழியாகச் சேலம் போகும் பஸ்ஸில் ஏறியதும் மகன் போனை எடுத்தான். கிளி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று படத்தை இடவலம் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

எப்படிப் போவது?

சேலம் புதிய பஸ் நிலையத்திலிருந்து நாமக்கல் செல்லும் பஸ்களில் சுமார் ஒரு மணி நேரப் பயணம். எல்லா பஸ்களும் நிற்காது, ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். ரயிலில் வருபவர்கள், 2013-ல் திறந்த சேலம் - கரூர் பாதையில் ராசிபுரம் அல்லது நாமக்கல்லில் இறங்கி பஸ் பிடிக்கலாம். நாமக்கல் கோட்டை, ஆஞ்சநேயர், கொல்லிமலை மூன்றையும் சேர்த்துப் பார்க்க இரண்டு நாள் போதும்.